அப்பாவை அனுப்பிய கிளப்பில் மகன்

ஒரு நிறுவனம் அப்பாவை வேலையிலிருந்து அனுப்புகிறது. எட்டே மாதத்தில் அதே நிறுவனம் மகனை முன்வரிசையில் நிறுத்துகிறது. அப்பாவோ போட்டி நிறுவனத்தில் போய்ச் சேருகிறார். நம்மூர் சீரியலில் வந்தால்கூட ‘ரொம்ப ஓவர்’ என்போம். ஆஸ்திரேலியாவில் இது நிஜமாகவே நடந்தது. அப்பா ஐவன் கிளியரி, மகன் நேதன் கிளியரி. நிறுவனம், சிட்னியின் மேற்குக் கோடியில் இருக்கும் பென்ரித் பேந்தர்ஸ் என்ற ரக்பி லீக் கிளப்.

ரக்பி லீக் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு பக்கம் 13 பேர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரணி கபடி மாதிரி மடக்கிப் பிடிக்கும். ஆறு முறை பிடிபட்டால் பந்து அவர்களுக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் ‘டிரை’, 4 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் 2. இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

ஐவன் ஆடிய காலத்தில் உதைப்பதில் கெட்டிக்காரர். 1998-ல் ஒரே சீசனில் 284 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தவர். ஆனால் பெரிய நாளில் அதிர்ஷ்டம் கைகொடுக்காது. 2002 இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் வாரியர்ஸ் அணிக்காக ஆடினார், தோற்றார். அதே வாரியர்ஸுக்கு 2006-ல் கோச் ஆனார். 2011-ல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். அங்கும் தோல்வி.

2012-ல் பென்ரித்துக்கு வந்தார். இரண்டு வருடத்தில் அணியை அரையிறுதிக்கு ஏற்றினார். அடுத்த வருடம் வரிசையாகக் காயங்கள், அணி சரிந்தது. 2015 அக்டோபரில் கிளப் அவரை அனுப்பிவிட்டது. சொன்ன காரணம், ஆள் களைத்துப் போய்விட்டார் என்பது! வேலையை விட்டுத் தூக்க இப்படியும் ஒரு காரணம். 2016 ஜூனில், 18 வயது நேதன் பென்ரித்தின் முதல் அணியில் இறங்கினார்.

அப்பா 2017-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணிக்குக் கோச்சாகப் போனார். அங்கேதான் அந்தப் பிரபலமான பஸ் கதை. ‘இந்த பஸ்ஸில் ஏற விருப்பம் உள்ளவர்கள்தான் வேண்டும்’ என்ற அர்த்தத்தில் வீரர்களைப் பற்றிப் பேசினார். 2018-ல் பென்ரித் மறுபடி அழைத்தது. டைகர்ஸுடன் ஒப்பந்தம் மிச்சம் இருந்தும் கிளம்பிவிட்டார். டிரைவரே இறங்கிப் போய்விட்டார் என்று ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மகனைத் தக்கவைக்கத்தான் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது.

அந்தப் பேச்சை அடக்க ஒரே வழி, ஜெயிப்பது. 2019-ல் அதுவும் நடக்கவில்லை. பத்தாம் இடம். 2020-ல் தொடர்ந்து 17 ஆட்டங்களில் வெற்றி, ஆனால் இறுதிப் போட்டியில் மெல்போர்னிடம் 26-20 தோல்வி. அதிலும் நேதன் போட்ட ஒரு பாஸை எதிரணி வீரர் இடையில் பறித்து ஓடி டிரை வைத்தார். வீட்டில் அன்று இரவு சாப்பாட்டு மேசை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீரராக ஒன்று, கோச்சாக இரண்டு என ஐவன் தோற்ற மூன்றாவது இறுதிப் போட்டி அது.

2021-ல் மறுபடி இறுதிக்கு வந்தார்கள். எதிரணி சவுத் சிட்னி. அதன் கோச் வெய்ன் பென்னட், ஏழு கோப்பை பார்த்த பழுத்த அனுபவசாலி. 14-12, பென்ரித் வெற்றி. ஆட்டநாயகன் மகன். அடுத்த வருடம் பாராமட்டாவை 28-12 என்று சுலபமாகவே முடித்தார்கள்.

2023-தான் ஆட்டம். பிரிஸ்பேனிடம் 24-8 என்று பின்தங்கியிருந்தார்கள், பாக்கி இருந்ததோ சுமார் இருபது நிமிடம். கூட்டாளி ஜெரோம் லுவாய் காயத்தோடு வெளியேறிவிட்டார். நேதன் ஒரு டிரைக்கு வழி செய்தார். பிறகு தன் பக்கத்திலிருந்து உதைத்த பந்து, எதிரணி எல்லைக்குப் பக்கத்தில் குத்தி வெளியே போனது. விதிப்படி பந்து திரும்பவும் பென்ரித்துக்கே. இன்னொரு டிரை. கடைசி சில நிமிடங்கள் இருக்கும்போது தானே புகுந்து ஒன்று வைத்து, தானே உதைத்து 2 புள்ளியும் எடுத்தார். 26-24. மேலே கோச்சுகளின் கண்ணாடி அறையில் அப்பா.

2024-ல் மெல்போர்னை 14-6 என்று வென்று பழைய கணக்கையும் தீர்த்தார்கள். தொடர்ந்து நான்கு கோப்பை. 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் அடுக்கிய பதினொன்றுக்குப் பிறகு யாரும் செய்யாதது.

இதில் ஐவனுக்குத் தர வேண்டிய பாராட்டு கோப்பைக்கு மட்டும் அல்ல. அங்கே ஒரு கிளப் சம்பளத்துக்குச் செலவழிக்க உச்சவரம்பு உண்டு. ஜெயித்தால் வீரரின் விலை ஏறும், வேறு கிளப் கொத்திக்கொண்டு போகும். அபி கோரோய்சாவ், விலியாமே கிகாவ், ஸ்டீபன் கிரைட்டன் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேற்றி இடத்தை நிரப்பினார். நான்காவது கோப்பைக்குப் பிறகு லுவாயும் கிளம்பினார். போன இடம், அப்பா இறங்கிவிட்டு வந்த அதே டைகர்ஸ் பஸ்!

2025 சீசனின் நடுவில் பென்ரித் பட்டியலின் கடைசியில் கிடந்தது. அங்கிருந்து ஏறி, ஏழாம் இடத்தில் நுழைந்து, அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். எதிரே மறுபடி பிரிஸ்பேன். 14-0 என்று முன்னிலையும் எடுத்தார்கள். இந்த முறை துரத்தியது பிரிஸ்பேன். 16-14. 2023-ல் இருந்த அதே இரண்டு புள்ளி, இப்போது மறுபக்கம்.