ஒரே பலகை, வெவ்வேறு காலங்கள்

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, தொம்மராஜு குகேஷ் தமது 18ஆம் வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனார். அன்று முதல் திருப்பதி, சித்தூர் வட்டாரத்திலும் சென்னையிலும் இரண்டு கேள்விகள் விவாதிக்கப்பட்டு வருகின்றன. அவர் எந்த மாநிலத்துக்கு உரியவர் என்பது ஒன்று. முன்னாள் உலக சாம்பியன் விசுவநாதன் ஆனந்தைவிட அவர் பெரிய வீரரா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. குகேஷின் பெற்றோர் சத்தியவேடு மண்டலத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அந்த மண்டலம் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. குகேஷோ சென்னையில் பிறந்து, வீட்டில் தெலுங்கு பேசி, சென்னைப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆட்டம் பயின்றவர். ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் முதல்வர்களும் உரிமையோடு வாழ்த்தியபோது சமூக ஊடகங்களில் மூண்ட வாக்குவாதம், சத்தியவேட்டின் வரலாற்றை அறிந்தவர்களுக்குத் தேவையற்றதாகவே தோன்றும். ஏனெனில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற ஊர்களைக் கொண்டே சத்தியவேடு வட்டம் அமைந்தது. இரு மொழியும் புழங்கும் அந்த எல்லைப் பகுதியின் பிள்ளையை இரு மாநிலங்களும் தம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் பிழையேதும் இல்லை.

இரண்டாவது கேள்வியே ஆழமானது. வெவ்வேறு காலத்து வீரர்களை ஒரே தட்டில் நிறுத்திப் பார்க்கும் ஆசை எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஆட்டத் துண்டின் தொடக்கத்திலும் பந்தைப் பெற்று, அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று முடிவெடுக்கும் வீரரைக் குவார்ட்டர்பேக் என்பர். அவர்களுள் தலைசிறந்தவர் சூப்பர் பவுல் எனும் இறுதியாட்டத்தை ஏழு முறை வென்ற டாம் பிராடியா, நான்கு முறை அதில் ஆடி நான்கிலும் வென்ற ஜோ மான்டானாவா, 1950களில் புகழ்பெற்ற ஜானி யுனைடஸா என்ற வாதம் அங்கு ஓய்வதே இல்லை. பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாளர் தொடக்கக் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் இடித்து மறிக்கக் கூடாது என்ற விதி 1978இல் வந்து, பந்தை எறிந்து ஆடுவது எளிதானதால், யுனைடஸின் எண்களையும் பிராடியின் எண்களையும் நேருக்கு நேர் வைத்து முடிவு சொல்ல முடியாது.

சதுரங்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். பலகையின் 64 கட்டங்கள் மாறவில்லை. காய்களின் நடை மாறவில்லை. பெரிய ஆட்டங்கள் அனைத்தும் நகர்வு நகர்வாகக் குறித்து வைக்கப்பட்டுள்ளன. போதாததற்கு ஒவ்வொரு வீரரின் வலிமையையும் ஒரே எண்ணால் சொல்லும் எலோ தரவரிசைப் புள்ளி இருக்கிறது. ஆனால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்ட அந்த முறை, ஒரே காலத்தில் தமக்குள் மோதிக்கொள்ளும் வீரர்களிடையே உள்ள இடைவெளியைக் கணிப்பதற்காக உருவானதே தவிர, தலைமுறைகளை ஒப்பிடுவதற்காக உருவானது அன்று. 1972இல் பாபி ஃபிஷரின் புள்ளி 2785. 2024 அக்டோபரில் குகேஷின் புள்ளி 2794. எண்ணை மட்டும் பார்த்தால் குகேஷ் ஒரு படி மேல். ஆனால் ஃபிஷருக்கு அடுத்த நிலையில் இருந்த போரிஸ் ஸ்பாஸ்கி அவரைவிட 125 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். குகேஷுக்கோ மாக்னஸ் கார்ல்சன் உட்படச் சிலர் மேலே இருந்தனர். ஆகவே ஒரு வீரர் தம் காலத்தவரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி உயர்ந்தார் என்பதே எண்ணைவிட நேர்மையான அளவுகோல்.

அந்த அளவுகோலோடு, வீரருக்குக் கிடைத்த சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டம் மட்டுமே நகரும் இந்திய மரபு ஆட்டத்தில் வளர்ந்து, பின்னர் ஐரோப்பிய விதிகளில் தேர்ந்து, இங்கிலாந்து சென்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்; முன்னாள் உலக சாம்பியன் கப்பாபிளாங்காவையும் ஓர் ஆட்டத்தில் வென்றார். மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோது, அவருக்கு வழிகாட்ட, ஆட்டத்தின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர்கூட நாட்டில் இல்லை. ஆயினும் மறு ஆண்டு உலகப் பட்டத்துக்கான ஸ்டாக்ஹோம் தகுதிச் சுற்றில் அவர் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மானையும் வீழ்த்தினார். இவர்களை இன்றைய எண்களால் அளப்பது நியாயமாகாது.

ஆனந்த் வளர்ந்த சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தின் டால் சதுரங்க மன்றமே பெரிய பயிற்சிக்களம். 1988இல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியரும் அவரே. முடியாத ஆட்டத்தை ஒத்திவைத்து, அடுத்த நகர்வை எழுதி உறையிலிட்டு, இரவெல்லாம் துணைவர்களோடு ஆராயும் வழக்கம் அவரது இளமைக்காலத்தில் இருந்தது. கணினி 1997இல் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தபின் ஆட்டத்தின் தயாரிப்பு முறையே மாறியது. அந்த மாற்றத்தையும் கடந்து அவர் மேலேயே நின்றார். 2000இல் நாக்அவுட் முறையிலும், 2007இல் அனைவரும் அனைவரோடும் மோதும் முறையிலும், 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இருவர் மட்டும் மோதும் தொடர்களிலும் உலகப் பட்டம் வென்றார். மூன்று முறைகளிலும் வென்ற வீரர் வேறெவரும் இல்லை. இந்தியாவின் முதலிடத்தை 37 ஆண்டுகள் காத்து, 2023 செப்டம்பரில் குகேஷிடமே விட்டுக்கொடுத்தார்.

கணினியின் துணையால் குகேஷின் காலம் எளிதாகிவிட்டது என்று சொல்வோர் உண்டு. அதே கணினி எதிராளியின் கையிலும் இருப்பதால் அந்த வாதம் நிற்காது. சிங்கப்பூரின் பதினான்காவது ஆட்டத்தில் இருவரிடமும் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் எஞ்சியிருக்க, கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டுமே கூடுதல்; சமனில் முடியக்கூடிய அந்த நிலையில் அவர் விட்டுக்கொடுக்காமல் அழுத்தம் தந்துகொண்டே இருந்தார். 55ஆம் நகர்வில் டிங் தம் யானையை யானைக்கு எதிரே நிறுத்திப் பரிமாற்றத்துக்கு இடமளித்தார். யானைகள் நீங்கியபின் பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ளும் வழியைக் குகேஷ் கண்டார். ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய அந்த முடிவாட்டத்தில் கூடுதலாக இருந்த ஒரு சிப்பாயே வெற்றிக்குப் போதுமானதாக இருந்ததால், 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. மணிக்கணக்கில் தளராத அந்தப் பொறுமையை எந்தக் கணினியும் கற்றுத்தர முடியாது. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 17 வயதில் உலக சாம்பியனுக்கு அறைகூவல் விடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரில் வெற்றி, 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டின் முதல் பலகையில் தங்கம் என்று அடுக்கினால், அந்த வயதில் அவருக்கு நிகராக ஆனந்தையும் சொல்ல இயலாது.

இருப்பினும் இன்றைய தேதியில் இந்தியாவின் தலைசிறந்த சதுரங்க வீரர் ஆனந்தே என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு வீரரின் பெருமையில், தமக்குப் பின் வருவோருக்கு அவர் திறந்துவிட்ட வழிக்கும் இடம் உண்டு என்பதே இதற்கு முதன்மையான காரணம். குகேஷ் உலக மகுடம் சூடியபோது நாட்டின் கிராண்ட்மாஸ்டர்கள் எண்ணிக்கை 80ஐத் தாண்டியிருந்தது. ஆனந்தின் வழிகாட்டலில் இயங்கும் பயிற்சிக்கூடத்தில் குகேஷும் பயின்றார். ஆனந்தின் உதவியாளராக இருந்த போலந்தின் கயேவ்ஸ்கியே சிங்கப்பூரில் குகேஷின் பயிற்சிக் குழுவை நடத்தினார். குண்டூரின் ஹரிகிருஷ்ணாவும் அக்குழுவில் இருந்தார். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் பெற்ற வெற்றியே, குகேஷ் கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெறப் பெரிதும் துணை செய்தது. இவற்றில் ஒன்றுகூட 1988இன் ஆனந்துக்குக் கிடைத்ததில்லை.

இவ்வாறு சொல்வது குகேஷைக் குறைத்து மதிப்பதாகாது. ஆனந்தின் பெருமை முப்பது ஆண்டு ஆட்டத்தால் நிறுவப்பட்டது. குகேஷின் ஆட்ட வாழ்வு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரொவ் போன்ற தம் வயதினரை அவர் அடுத்த பத்தாண்டுகளில் எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளுகிறார் என்பதே அவர் இடத்தை நிர்ணயிக்கும். அதுவரை அவர் தோற்கும் ஒவ்வொரு போட்டியையும் ஆனந்தின் மொத்த வாழ்க்கையோடு ஒப்பிட்டு அவரைச் சிறுமைப்படுத்தாமல் இருப்பதும், சத்தியவேடு முதல் சித்தூர் வரையுள்ள அரசுப் பள்ளிகளில் ஒரு பலகையும் ஒரு பயிற்றுநரும் கிடைக்க வழி செய்வதுமே, இந்த விவாதத்தில் ஆர்வம் கொண்டோர் அவ்விருவருக்கும் செய்யக்கூடிய உண்மையான மரியாதை.