சர்க்கஸ் வண்டி

திருத்தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் அதற்குக் கொட்டகை உண்டு. அடுத்த வருஷம் வடம் பிடிக்க ஆட்களும் உண்டு. சர்க்கஸ் வண்டி நின்றுவிட்டாலோ, மரம் விறகுக் கடைக்கும் இரும்பு காயலான் கடைக்கும் போய்ச் சேர வேண்டியதுதான்!

இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கஸ் ஒரு பட்டணத்துக்கு வந்தால், சிற்ப வேலை செய்து பொன் தகடு ஒட்டிய மர வண்டிகள் வீதிவலம் வரும். பார்னம்-பெய்லி கம்பெனியாரின் பெரிய பாண்டு வண்டியை 1903-ம் வருஷத்தில் 40 குதிரைகள் இழுத்தன. டிக்கெட்டு வாங்கக் காசில்லாத குழந்தைக்கும் அந்தப் பவனி இலவசம். முன்னமே, 1872-ல், பார்னமும் அவர் கூட்டாளி கூப்பும் தங்கள் சர்க்கஸை ரயிலேற்றியிருந்தார்கள். மேல்மூடி இல்லாத தட்டையான ரயில் வண்டிகளின் மேல் சர்க்கஸ் வண்டிகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக உருட்டி ஏற்றுவது கூப்பின் யுக்தி.

நம் தேசத்துச் சர்க்கஸ் ஒரு ரோஷத்தில் பிறந்தது. இத்தாலியரான கியாரினி பம்பாயில் சர்க்கஸ் நடத்தியபோது, "இந்தியர்களுக்கு இது இப்போதைக்குக் கைவராது" என்ற பொருள்படப் பேசினார் என்பார்கள். குதிரைப் பயிற்சியில் தேர்ந்த விஷ்ணுபந்த் சத்ரே அதற்குப் பேச்சால் பதில் சொல்லவில்லை. 1880 மார்ச் 20-ந் தேதி சொந்தச் சர்க்கஸையே ஆரம்பித்துவிட்டார். மலையாளக் கரையில் தலைச்சேரிக்கு அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பள்ளிக்கூடம் வைத்து, அந்தக் கலைக்கு ஆட்களைத் தயார் செய்தார். ரயிலிலும் மாட்டு வண்டியிலும், பிறகு லாரியிலும், கூடாரமும் கூண்டுகளும் ஊர் ஊராகச் சென்றன.

1998-ல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாதென்று மத்திய சர்க்கார் தடை விதித்தது. மிகவும் நியாயமான காரியம். வாய் பேசாத பிராணிகள் பட்ட துன்பம் போதும். ஆனால் கூண்டு காலியானதோடு, அதை ஓட்டியவர்களையும், ஊஞ்சலில் உயிரைப் பணயம் வைத்து ஆடியவர்களையும் நாம் மறந்துவிடலாமா?

விஸ்கான்ஸின் மாகாணத்துப் பராபூ என்ற சிற்றூரில் 1959-ல் ஒரு சர்க்கஸ் காட்சிசாலை திறந்தார்கள். ரிங்ளிங் சகோதரர்களின் கம்பெனி குளிர்காலத்தில் தங்கிய இடம் அது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட பழைய வண்டிகள் அங்கே புது மெருகுடன் நிற்கின்றன.

நமக்கு அது இயலாதா? உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில் சித்திரை தோறும் தேர் ஓடுகிறது. பக்கத்து ஒரகடத்தில் டைம்லர் கம்பெனியார் 2012-ல் திறந்த ஆலையில் லாரிகள் உருவாகின்றன. மரத்தேர் செப்பனிடும் கையும் இயந்திர வண்டி பூட்டும் கையும் அடுத்தடுத்து இருக்கும் சீமை இது. பழைய கூண்டு வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துச் செப்பனிட்டு, இங்கே ஒரு கொட்டகையில் நிறுத்தினால் என்ன?

புதிய வண்டி செய்கிறவர்களின் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். கம்பிகளுக்குப் பின்னே அடைபட்ட பிராணியின் கஷ்டத்தையும், அதே வண்டியை நம்பி ஊர் ஊராகத் திரிந்து பிழைத்த மனிதர்களின் தைரியத்தையும் ஒருங்கே தெரிந்துகொள்ளட்டும். அதற்கு ஒரு கொட்டகை போதும். கொஞ்சம் மனமும் வேண்டும்.