அளந்து செய்யுங்கள்!

குதிரை வேகமாக ஓடினால் மட்டும் போதாது. கடிவாளத்துக்கும் அடங்க வேண்டும். பந்தய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். என்ஜினுக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும், டயர் தரையை விட்டுத் துள்ளினால் பிரேக் பிடிக்காது. வளைவில் வண்டி கைக்கு அடங்காது. டயரைத் தரையோடு சேர்த்து வைப்பவை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான்.

இவற்றை வீட்டிலேயே மாற்றிப் பொருத்த நம் வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நாம் குறை கூறவில்லை. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ், பந்தயம் ஓட்டிய தம் மகனுக்காக, பின்சக்கரத்தின் இரண்டு ஷாக் அப்சார்பர்களை நீக்கிவிட்டு ஒன்றே ஒன்றை அமைத்தார். அந்த யோசனையை யமஹா கம்பெனி வாங்கியது. அத்தகைய வண்டியில் ஸ்வீடன் வீரர் ஹாகன் ஆண்டர்சன் 1973-ல் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். இன்று நம் தெருவில் ஓடும் வண்டிகள் பலவற்றிலும் ஒற்றை ஷாக் அப்சார்பர்தான்!

அவர் கணக்குத் தெரிந்தவர். இங்கே நடப்பது என்ன? வண்டி தாழ்ந்திருந்தால் அழகு என்று ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை அறுத்து விடுகிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைத்துப் போகும். அறுத்த முனை சரியாக உட்காராது. பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் மட்கார்டில் இடிக்கும். விழுபவன் ஓட்டியவன் மட்டுமா? எதிரே வருபவனும்தான்!

முறை என்ன? பின்சக்கரம் தொங்கும்போது, அதன் அச்சிலிருந்து வால்பகுதியில் ஒரு குறி வரை அளக்க வேண்டும். ஓட்டுபவர் முழு உடையுடன் உட்கார்ந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். பந்தய வண்டிக்கு வித்தியாசம் சுமார் 30 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். ஸ்பிரிங்கை முறுக்கியோ தளர்த்தியோ பார்த்தும் சரிப்படாவிட்டால், ஆளின் எடைக்கேற்ற வேறு ஸ்பிரிங் போட வேண்டும். முன் ஃபோர்க்கின் இரு குழாய்களிலும் எண்ணெய் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். அதையும் நோட்டில் எழுதி வைப்பது அவசியம்.

நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக் அப்சார்பரை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் வாயு ஆளையே அடித்துவிடும்.

மாற்றிய வண்டியைச் சோதிக்கும் இடம் ஊர்ச் சாலை அல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. 1990-லிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை இருக்கிறது.

ஆசையுள்ள பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. பாலிடெக்னிக்குகளும் பந்தயக் கழகங்களும் விடுமுறை நாட்களில் பட்டறையைத் திறந்து, இந்த வேலையைக் கற்றுத் தரட்டும். தகப்பன்மார்களும் கூட நின்று பார்க்கட்டும்.

அறுத்த ஸ்பிரிங்குக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். பிள்ளைக்குப் பதில் எதை வாங்குவது?