ஓடுபாதையில் இரண்டு விமானங்கள்

2024 ஜூன் 8-ந் தேதி மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. அதே பாதையில், அதன் வாலைப் பிடித்தாற்போல் இண்டிகோ விமானம் வந்து இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஊழியரைப் பணியிலிருந்து விலக்கிவைத்தார்கள். 2023 ஆகஸ்டில் டில்லியில், ஒரு விமானம் புறப்பட அனுமதி பெற்ற பாதையை இன்னொன்று குறுக்கே கடக்கவும் அனுமதி பெற்றபோதும் இதே கதைதான்.

திருவண்ணாமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். பழைய ரயில்வேத் தோழர்களைக் கேளுங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். ஒரு டோக்கன் வெளியே போயிருந்தால் பெட்டி இன்னொன்றைத் தராது. ஸ்டேஷன் மாஸ்டர் மறந்தாலும் பெட்டி மறக்காது.

விமானப் பாதையில் நடப்பதோ பெரும்பாலும் வாய்ச்சொல். 'பாதையில் ஏறி நில்' என்றால் நிற்க மட்டுமே அனுமதி. புறப்படத் தனி உத்தரவு வேண்டும். பைலட் உத்தரவைத் திருப்பிச் சொல்லவேண்டும். 1977-ல் டெனரீஃப் தீவில், அனுமதி கிடைக்குமுன் ஒரு விமானம் ஓடத் தொடங்கி, பாதையிலிருந்த மற்றொன்றில் மோதி 583 பேர் மாண்டனர்.

நிற்கச் சொன்னவரே அதை மறந்துவிட்டால்? 1991 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்சில் அதுதான் நடந்தது. சிறு விமானமொன்றைப் பாதையில் நிறுத்திவைத்த ஊழியர், அதை மறந்து, பெரிய விமானத்தை அங்கேயே இறங்கச் சொன்னார். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரையைக் காட்டும் ராடார் அன்று பழுது. ஆனால் விசாரணைக் குழு ஊழியரின் தலையில் பழியைக் கட்டிவிட்டு எழுந்து போகவில்லை; ஒருவர் தவறினால் இன்னொருவர் தடுக்கும் ஏற்பாட்டைச் செய்யாத நிர்வாகமே காரணம் என்றது. அமெரிக்காவில்! 1981-ல் வேலைநேரக் குறைப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டு ஊழியர்களை ரீகன் வீட்டுக்கு அனுப்பிய அதே தேசத்தில்!

இங்கே? மும்பையின் இரு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டுவதால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் பயன்படும். நிலையத்தை நடத்துவது அதானி கம்பெனி; கோபுரத்தில் இருப்பவர் சர்க்கார் ஸ்தாபன ஊழியர். விமானம் கூடக்கூட இடைவெளி சுருங்குகிறது. ஆள் பற்றாக்குறையையும் களைப்பையும் 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியது.

ஒருவரை விலக்கினால் அந்த நாற்காலியில் இன்னொரு களைத்த மனிதர் வந்து உட்காருவார். காலியிடங்களை நிரப்புங்கள். பணிநேர வரம்பை ஏட்டில் வைக்காமல் அமல்படுத்துங்கள். ஒவ்வொரு விசாரணை அறிக்கையையும் முழுமையாக ஜனங்கள் முன் வையுங்கள் என்று கேட்கிறோம்.