சிறிய துளையே சிறந்த சிகிச்சையா?

"அறுவை சிகிச்சை இல்லாமல் முடித்துவிடலாமா, டாக்டர்?" இரத்தக் குழாயில் அடைப்பு என்று அறிந்ததும் பெரும்பாலான குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது இதுவே. நியாயமான கேள்விதான். 1964-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் கால் குழாய் அடைப்பை மெல்லிய குழல்கொண்டு விரித்தார், கால் பிழைத்தது. 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயக் குழாயில் பலூனை விரித்தார். அம்முறைகளின் பயனை நாங்கள் அன்றாடம் காண்கிறோம்.

ஆயினும், துளை சிறியது என்பதனாலேயே சிகிச்சை சிறந்ததாகிவிடாது என்பதே எங்கள் கருத்து.

மாரடைப்பு நேர்ந்தால் ஐயத்திற்கு இடமில்லை. விரைந்து அடைப்பை நீக்குவது உயிர் காக்கும். நடக்கும்போது நெஞ்சு வலித்து, ஓய்வெடுத்தால் தணியும் நாள்பட்ட நோயின் நிலை வேறு. 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. மருந்துகளோடு தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நெஞ்சுவலி நன்கு குறைந்தது. ஆனால் சுமார் மூன்றாண்டுக் கண்காணிப்பில், மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. இதயத்தின் இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. அவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

கால்களின் நிலை இன்னும் நுட்பமானது. இரத்த ஓட்டம் குன்றி, ஓய்விலும் வலியோ ஆறாத புண்ணோ உள்ளவர்களை ஆராய்ந்தது 2022-இல் வெளியான 'பெஸ்ட்-சிஎல்ஐ'. பைபாஸுக்கு ஏற்ற நல்ல கால் சிரை உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையே மேலான பலன் தந்தது. மறு ஆண்டு வெளியான 'பேசில்-2' ஆய்விலோ, முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களின் அடைப்புக்குத் துளைவழிச் சிகிச்சையை முதலில் பெற்றவர்களே நலமாயிருந்தனர். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது.

ஆகவே, அவசரமில்லாத நிலையில், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சிகிச்சை என் ஆயுளைக் கூட்டுமா, வலியைக் குறைக்குமா, காலைக் காக்குமா? மருந்தை மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும்? என் நிலையில் பைபாஸ் மேலானதா? இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. விளக்கமாக விடையளிப்பது எங்கள் கடமை.

எவ்வழியைத் தேர்ந்தாலும், புகையிலையை விடுவதும் மருந்துகளைத் தவறாது உட்கொள்வதும் தொடர வேண்டும். ஸ்டென்ட் திறந்துவிடுவது ஓர் அடைப்பையே. நோய் குழாய்கள் எங்கும் பரவியிருக்கக்கூடியது.