புல்வெளியைத் தரிசு என்றவர்கள்

அறிவு ஒரு தலைக்குள்தான் விளையும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போய்விட்டது. படித்தவர் கண்டுபிடிப்பார், அதிகாரி உத்தரவு போடுவார், ஊர் கேட்டு நடக்கும். பள்ளிக்கூடத்திலேயே இதற்குப் பழக்கிவிடுகிறோம். தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற பிள்ளை கெட்டிக்காரன், பக்கத்துப் பிள்ளையோடு பேசிப் பேசிப் புரிந்துகொள்கிறவன் அரட்டைக்காரன். இந்த நம்பிக்கை ஒரு மலையை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதை மன்னவனூருக்குப் போனால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். சில குன்றுகளில் புல், சிலவற்றில் பைன், வாட்டில், தைல மரங்கள். சுற்றுலா வந்தவர்கள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, காடு என்றால் இதுதான் காடு என்று மனம் குளிர்ந்து திரும்புகிறார்கள். அது காடே இல்லை. வாட்டிலும் தைலமும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தவை. தோல் பதனிடுவதற்கும், விறகுக்கும், மரக்கூழ் ஆலைகளுக்கும் என்று வரிசை பிடித்து நட்ட தோட்டங்கள் அவை.

எங்கே நட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்பழனி மலையின் இயல்பு, பள்ள மடிப்புகளில் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல். இதே இயல்புள்ள நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததற்குச் சான்று காட்டியிருக்கிறார்கள். மனிதன் மரத்தை வெட்டியதால் வந்த வெறுமை அல்ல அது. ஆனால் வனவியல் பாடம் படித்து வந்தவர்களின் கண்ணுக்கு, மரம் இல்லாத நிலம் வீண் நிலம். அந்தப் புல்லில் மாடு மேய்த்தவரையோ, ஓடை எந்த மாதம் வற்றும் என்று பார்த்துக்கொண்டிருந்த விவசாயியையோ கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றாததுதான் பெரிய குற்றம்.

விளைவு எண்ணாகவே கிடைக்கிறது. 2018-இல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் வந்த கட்டுரையின்படி, 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலையில் போனது 31 சதவீதம். ஒரு காலத்தில் மலையை மூடிக்கிடந்த புல், இன்று துண்டு துண்டாகத் தேடிப் பார்க்க வேண்டிய பொருள். பெரும்பகுதியை விழுங்கியவை மரத்தோட்டங்கள். விவசாயம் எடுத்தது அதைவிடக் குறைவு.

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களை அலசத் தெரிந்த அரசுமணி, பறவைகளை ஆராயும் வி.வி. ராபின் போன்ற அறிவியலாளர்களோடு, பள்ளி ஆசிரியரும் புகைப்படக்காரருமான இயான் லாக்வுட் இருக்கிறார். வட்டக்கானலில் பல ஆண்டுகள் நாற்றுப் பண்ணை வைத்துச் சோலைச் செடிகளை வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட் இருக்கிறார். வானத்தில் இருந்து எடுத்த படத்தில் பச்சை வெறும் பச்சைதான். இது புல், இது வாட்டில் கன்று, இது அறுவடை முடிந்த வயல் என்று பெயர் சொல்ல, அந்தச் சரிவில் நடந்த கால்கள் வேண்டும். நடந்தவருக்கோ மலை முழுவதையும் 40 ஆண்டு நீளத்தில் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. இருவரும் சேர்ந்த பிறகுதான் அந்த 66 பிறந்தது.

ஸ்டூவர்ட்டும், அவரோடு சேர்ந்து உழைத்து மறைந்த தான்யா பால்கரும் கவனித்துச் சொன்ன இன்னொன்றும் உண்டு. பழைய தோட்ட மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. அன்னிய மரம் என்றதும் ஒட்டுமொத்தமாக வெட்டித் தள்ளினால், அடியில் வளரும் சோலையும் சேர்ந்து போகும். பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதல்ல இது. குனிந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கூட்டமாகச் சேர்ந்தாலும் தப்பு நடக்கும் என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான். மரம் நட்டால் புண்ணியம் என்று பிள்ளைகளைத் திரட்டிப் புல்வெளியில் குழி தோண்டவைத்ததும் கூட்டம்தான். தோட்டங்களால் அழிந்தது பெரும்பாலும் சோலைக்காடுதான் என்று இயற்கை ஆர்வலர்களும் நெடுநாள் நம்பினார்கள். நீதிமன்ற உத்தரவுகளும் சோலை மரங்களை மீட்பதைப் பற்றியே பேசின. ஒரே பாடம் படித்த பத்துப் பேர் கூடினால், ஒருவரின் தவறு பத்து மடங்காகும். வேறு வேறு கண் உள்ளவர்கள் கூடுவதும், ஒருவர் பார்த்ததை மற்றவர் சரிபார்ப்பதும்தான் கூட்டறிவு.

குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இதே புல்சரிவுகளில், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. நீண்ட ஆயுள் வாய்த்தவர்கூட ஏழெட்டுப் பூப்புக்கு மேல் பார்க்க முடியாது. 1838 தொடங்கிப் பூத்த ஆண்டுகளை ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் குறித்துவைத்ததால்தான் கணக்கு உறுதியாயிற்று. இதை எந்த மேதையும் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மன்னவனூர் வயல்களும் அதைத்தான் சொல்கின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டை விதை தூவி வளர்ப்பதில்லை, பல்லை ஊன்றித்தான் வளர்க்க வேண்டும். நல்ல பூண்டைத் தேர்ந்து, கெடாமல் புகையில் காயவைத்து, அடுத்த போகத்துக்கு எடுத்து, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொடுத்து வாங்கியதால்தான் அந்த ரகம் பிழைத்திருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டமே அந்த உரிமையைத் தனி ஆளுக்குத் தருவதில்லை, உற்பத்தி செய்கிறவர்களின் கூட்டுக்கோ அவர்களுக்காக நிற்கும் அமைப்புக்கோதான் தருகிறது. சட்டத்துக்குத் தெரிந்தது, ‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு’ என்று பந்தல் போட்டு ஒருவழியாகப் பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வனத்துறை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, பூண்டு போடுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். புல்வெளியை மீட்கும் திட்டம் எழுதப்படும் நாளிலேயே இவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எழுதி முடித்த திட்டத்தைப் படித்துக் காட்டக் கூப்பிடுவது போதாது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தால், தீப்பட்டால், கூட்டம் கூட்டமாக முளைத்து வரும். வெட்டிய சரிவுக்கு ஆண்டுதோறும் போய் அந்தக் கன்றுகளைப் பிடுங்குவது யார், எந்த மாதத்தில், என்ன கூலிக்கு என்பதை முடிவு செய்யக்கூடியவர்கள் அந்த மலையில்தான் இருக்கிறார்கள்.