குடலுக்கு நல்லது சிறுநீரகத்துக்கும் மருந்தாகுமா?

எங்கள் சிறுநீரகப் புறநோயாளர் பிரிவில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பரிசோதனை முடிந்து மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கும் வேளையில், உடன் வந்திருக்கும் மகனோ மகளோ கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். "டாக்டர், இது புரோபயாடிக் மாத்திரை. இதைச் சாப்பிட்டால் கிரியாட்டினின் இறங்குமாம். அப்பாவுக்குக் கொடுக்கலாமா?"

இக்கேள்வியை எள்ளி ஒதுக்குவது முறையன்று. இதன் பின்னால் மெய்யான அறிவியல் இருக்கிறது. பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உடலை நஞ்சாக்குகின்றன என்றும், புளித்த பால் அதற்கு மாற்றாகலாம் என்றும், நோபல் பரிசு பெற்ற மெச்னிகோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். அவர் கூறியவற்றுள் பல மிகையானவை. எனினும் சிறுநீரக நோயைப் பொறுத்தவரை அவர் ஓரளவு குறியை நெருங்கியிருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

நாம் உண்ணும் புரதத்தில் செரிக்காமல் எஞ்சிய பகுதி பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து இண்டோல், பி-கிரெசால் என்னும் பொருள்களை உண்டாக்குகின்றன. கல்லீரல் இவற்றைச் சல்பேட்டுகளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகம் அவற்றை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் அது இயலாது. இவை இரத்தத்திலுள்ள ஆல்புமினுடன் ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரமும் இவற்றைச் சிறிதளவே நீக்குகிறது. ஆதலால், நஞ்சு உண்டாகும் இடத்திலேயே அதைத் தடுத்துவிடலாமே என்னும் எண்ணம் மருத்துவர்களையும் கவர்ந்ததில் வியப்பில்லை.

கவர்ந்தது, ஆய்வும் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள 37 பேருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவும் அதற்கு உணவாகும் நார்ப்பொருளும் சேர்த்து ஆறு வாரம் தரப்பட்டன. பி-கிரெசால் சல்பேட் குறைந்தது. முதன்மையாக எதிர்பார்த்த இண்டோல் வகை நஞ்சு உறுதியாகக் குறையவில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் கூடவில்லை. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2023-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலத்தவை என்றும், இம்மாத்திரைகள் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடும் எனச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றுமே முடிவுசெய்தது.

ஜப்பானின் அனுபவம் இன்னும் தெளிவானது. குடலிலேயே இண்டோலை உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகைக் கரித்துகள் மருந்து அங்கு 1991 முதல் வழக்கில் உள்ளது. 13 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். சிறுநீரகம் தளரும் வேகத்தை அம்மருந்தால் குறைக்க இயலவில்லை. குடலில் ஒரு நஞ்சைப் பிடித்துவிட்டால் சிறுநீரகம் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவது எவ்வளவு அவசரமானது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் என்ன கெடுதல், பணம்தானே வீண் என்று சிலர் கேட்கலாம். மாதந்தோறும் மற்ற மருந்துகள் அனைத்துக்கும் ஆகும் செலவை இந்த ஒரு குப்பி விழுங்கிவிடும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி இதை வாங்கியவர்களும் உண்டு. அதற்கும் மேலான கெடுதலை ஒருவர் மூலம் கற்றுக்கொண்டோம்.

ஐம்பதைத் தாண்டியவர், இருபது ஆண்டு நீரிழிவு. டயாலிசிஸுக்கு ஆயத்தமாக இடக்கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்துகொள்ளச் சொல்லியிருந்தோம். அவர் வரவில்லை. வீட்டருகே உள்ள ஆய்வகத்தில் யூரியா மட்டும் பார்த்துக்கொண்டு, ஐந்து மாதம் இம்மாத்திரையை நம்பியிருந்தார். யூரியா இறங்கியது, வீடே மகிழ்ந்தது. யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் குடலில் உண்டு என்பது மெய்தான். ஆயினும் அவருக்கு அது இறங்கியதற்கு முதற்காரணம், பசி குன்றி அவர் உண்பதே குறைந்துபோனதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். புரதம் குறைந்தால் யூரியா குறையும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் கொண்டுவந்தார்கள். கழுத்தில் குழாய் செருகி அவசரமாக டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டபோது அவர் மனைவி மெல்லச் சொன்னார்: "முன்பு ஒருமுறை நாட்டு மருந்து சாப்பிட்டதற்குத் திட்டினீர்களே, சார்." அதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

அப்படியானால் சிறுநீரக நோயாளி குடலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் மலச்சிக்கல். கூச்சத்தால் இதை வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. நேரமின்மையால் நாங்களும் கேட்பது குறைவு. நீரை அளந்து குடிக்கச் சொல்கிறோம், பொட்டாசியத்துக்கு அஞ்சிக் காய்கனிகளைக் குறைக்கிறோம், இரும்புச்சத்து மாத்திரையும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் தருகிறோம். நீரிழிவு குடலின் நரம்புகளை மந்தமாக்குகிறது. டயாலிசிஸ் கட்டிலில் நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கையில் மலத்தை அடக்கிக்கொள்பவர்களும் பலர். இத்தனைக்குப் பிறகும் வயிறு ஒழுங்காக இயங்கினால்தான் வியப்பு.

இது வெறும் அசௌகரியம் என்று எண்ணிவிட வேண்டாம். உடல்நலமுள்ளவருக்குப் பொட்டாசியத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மலத்தின் வழியே வெளியேறும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு அப்பங்கு இரண்டு மூன்று மடங்காகிறது. மூன்று நாள் மலம் கழியாவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். மலம் குடலில் நெடுநேரம் தங்கத் தங்க, மேலே சொன்ன இண்டோலும் பி-கிரெசாலும் கூடுதலாகவே உண்டாகின்றன.

இதற்கெனக் கடையில் கேட்டு வாங்கும் மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். மக்னீசியம் கலந்த பேதி மருந்தும், பாஸ்பேட் கலந்த எனிமாவும் சிறுநீரக நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. இசப்கோல் நல்லதே, ஆனால் அதற்கு நிறைய நீர் வேண்டும், நீர் அளவுடன் வாழ்பவருக்கு அது ஒத்துவராது. லாக்டுலோஸ் சிரப் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். அளவை எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுச் சூடு என்று சொல்லி இளநீர் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் பொட்டாசியம் மிகுதி.

நார்ச்சத்துக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், முட்டைகோஸ் போன்றவை ஏற்றவை. நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைப்பது நல்லது. தயிரும் பழைய சோறும் நம் வீட்டுப் புரோபயாடிக் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நாங்களும் அவற்றை மறுப்பதில்லை. ஒரு சிறு கிண்ணம் தயிர் பெரும்பாலோர்க்கு இடமுண்டு. ஆனால் மோரும் நீராகாரமும் அன்றைய நீர்க்கணக்கில் சேரும். பழைய சோற்றுக்குத் துணையாக வரும் ஊறுகாயும் கருவாடும் உப்புக்கணக்கில் சேரும். சோற்றைவிடத் தொட்டுக்கொள்வதில்தான் ஆபத்து.

சிலருக்குப் புரோபயாடிக் மாத்திரை ஒத்திவைக்கத்தக்கது கூட அன்று, தவிர்க்கத்தக்கது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும், கழுத்தில் டயாலிசிஸ் குழாய் உள்ளவர்களும் அவர்கள். அரிதாக, இந்த உயிருள்ள நுண்ணுயிர்களே இரத்தத்தில் புகுந்து தொற்றை உண்டாக்கியிருக்கின்றன. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் சாக்கரோமைசஸ் என்னும் ஈஸ்ட் பொடியின் உறையைக் கழுத்துக் குழாய் உள்ளவரின் கட்டிலருகே திறப்பதுகூடக் கூடாது. கையில் ஒட்டிய பொடியே குழாய் வழியே உட்புக வாய்ப்புண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால், அடுத்த முறை வரும்போது அந்தக் குப்பியை மற்ற மருந்துகளுடன் எடுத்து வாருங்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம். கடைசியாக மலம் கழித்தது எப்போது என்றும் கேட்போம். இந்த முறை திட்டமாட்டோம்.